பால் தெளித்த கீரை

அச்சுதன் ஒரு மிக்ஸி வாங்கவே நாலு மாதம் யோசித்த ஆள். முதல் மாதம் எந்தக் கம்பெனி என்று யோசித்தான். இரண்டாம் மாதம் எத்தனை ஜார் என்று யோசித்தான். மூன்றாம் மாதம், உண்மையிலேயே மிக்ஸி தேவைதானா என்று மறுபடி அடியிலிருந்து ஆரம்பித்தான். நாலாம் மாதம் குரோம்பேட்டையிலிருந்து அவனுடைய அக்கா தனம் வந்து, ஒன்றும் பேசாமல் ஒரு மிக்ஸியைச் சமையல் மேடையில் வைத்துவிட்டுப் போனாள். இப்படிப்பட்டவனுக்கு நாற்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை என்பதில் யாரும் ஆச்சரியப்பட இடமில்லை. பெண் பார்த்துவிட்டு வந்து "யோசிச்சு சொல்றேன்" என்பான். அவன் யோசித்து முடிப்பதற்குள் அந்தப் பெண்ணின் வளைகாப்புக்கு அழைப்பு வந்துவிடும்.

ஆனால் இந்தத் தடவை அவன் யோசித்து முடித்துவிட்டான். எதிர் வீட்டு டெபோரா டீச்சரைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று தீர்மானமாக முடிவெடுத்துவிட்டான். அதை டெபோராவிடம் சொல்வது ஒன்றுதான் பாக்கி. சொல்வதற்கு வாய் வேண்டுமே, அங்கேதான் மாட்டிக்கொண்டான்.

பொழிச்சலூரில் ஒரு சின்ன அடுக்ககம் அது. முதல் மாடியில் இரண்டு வீடுகளும் எதிரெதிராக இருந்தன. டெபோரா பம்மல் பக்கம் ஒரு பள்ளியில் உயிரியல் டீச்சர். கணவர் இறந்து பத்து வருடமாகிறது, குழந்தைகள் இல்லை. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவாள். மற்ற நாட்களில் படிக்கட்டில் யாரைப் பார்த்தாலும் நின்று பேசுவாள். அச்சுதன் தாம்பரம் மெப்ஸ் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டுகளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்தான். நாளெல்லாம் பேசாத போர்டுகளோடு பழகிய ஆளுக்கு, நின்று பேசுகிற ஒருத்தி எதிர் வீட்டில் இருந்தது பெரிய யோகமாகப் பட்டது.

மூன்று வருடம் "குட் மார்னிங் டீச்சர்", "குட் மார்னிங் சார்" என்பதோடு ஓடியது. இந்த வருடம் பள்ளிக் கண்காட்சிக்கு யாரோ மண்ணில்லாத் தோட்டம் ஒன்று செய்து வைத்தார்கள். வெள்ளைப் பைப்புகளில் வரிசையாக ஓட்டை போட்டு, கீழே ஒரு டிரம்மும் பம்பும் வைத்து, தண்ணீரிலேயே செடி வளர்க்கிற சமாசாரம். கண்காட்சி முடிந்ததும் வைக்க இடமில்லை என்று பழைய சாமானோடு தள்ளப் பார்த்தார்கள். டெபோராவுக்கு மனசு கேட்கவில்லை. குட்டி யானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து மொட்டை மாடியில் இறக்கினாள். படியில் தூக்க அச்சுதன் ஒரு கை கொடுத்தான்.

"பம்பு ஓட மாட்டேங்குது சார். உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்" என்றான் அச்சுதன். வாழ்க்கையில் யோசிக்காமல் அவன் சொன்ன பதில் அது ஒன்றுதான். அன்றிலிருந்து அரைக்கீரைக்கும் சிறுகீரைக்கும் வித்தியாசம் தெரியாத அந்த மனிதன் தோட்டக்காரனாகிவிட்டான்.

பம்பைச் சரி பண்ணுவது சுலபமாக இருந்தது, விதையை முளைக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. நனைத்த தேங்காய் நார்த்தூளை வலை மாதிரி ஓட்டை உள்ள குட்டி பிளாஸ்டிக் கிண்ணத்தில் நிரப்பி, நடுவில் விதையை வைக்க வேண்டும். முளைத்து இரண்டு இலை விட்டதும் கிண்ணத்தோடு தூக்கிப் பைப்பின் ஓட்டையில் உட்கார வைத்தால், வேர் தானாக வழி பார்த்துத் தண்ணீருக்குள் இறங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு பம்பு பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த இரண்டு இலை வர வேண்டுமே. பைப்பும் டிரம்மும் பொருத்தி முடிப்பதற்குள் மார்ச் போய்விட்டது. எந்த விதை நல்லது என்று அச்சுதன் யோசித்ததில் ஏப்ரலும் பாதி போய்விட்டது.

முதலில் லெட்டூஸ் என்கிற சாலட் கீரை விதை வாங்கிப் போட்டார்கள். ஒன்றும் வரவில்லை. டெபோரா ஒரு குச்சியால் நார்த்தூளைக் கிளறிப் பார்த்தாள். விதை கிண்ணத்தின் அடியில் கிடந்தது.

"இவ்வளவு ஆழத்துலயா போட்டீங்க? விதைச்சீங்களா, அடக்கம் பண்ணீங்களா சார்?"

அச்சுதன் சிரிப்பதா வருத்தப்படுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே அவள் சிரித்து முடித்துவிட்டாள். அடுத்த முறை மேலாகப் போட்டார்கள். தண்ணீரில் உப்பு இருக்கிறது என்று போர் தண்ணீரை விட்டுவிட்டுக் கேன் தண்ணீர் தெளித்தார்கள். மாடியில் அடித்த வெயிலில் அந்த விதைகள் வெந்தே போயின. அந்தக் குளிர்தேசத்து விதைக்குப் பொழிச்சலூர் வெயில் எங்கே ஒத்துக்கொள்ளப் போகிறது.

விதை முளைக்காததில் அச்சுதனுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. முளைக்காத வரைக்கும் சாயங்காலம் மாடிக்குப் போகலாம், அவளும் வருவாள். இப்படியே வருடம் முழுக்க முளைக்காமல் இருந்தாலும் அவனுக்குச் சம்மதம்தான். இந்த நினைப்பில் மண்ணைப் போட்டது கூடுவாஞ்சேரி.

டெபோராவின் அண்ணன் லாசரஸ் கூடுவாஞ்சேரியில் வீடு கட்டி முடித்திருந்தார். மேல் போர்ஷன் காலியாக இருந்தது.

"ஸ்கூல் திறக்குறதுக்குள்ள அங்க வந்துடுன்னு அண்ணா சொல்றாரு. தனியா எதுக்கு இருக்கேன்னு கேக்குறாரு. அவர் சொல்றதும் நியாயம்தான். பக்கத்துலயே ஒரு ஸ்கூல்ல வேலையும் பார்த்து வெச்சிருக்காரு" என்றாள் ஒரு சாயங்காலம், காலி பைப்பைத் துணியால் துடைத்துக்கொண்டே. "அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வரேன்னு சொல்லியிருக்காரு. அன்னைக்கு நான் பதில் சொல்லணும்."

இதோ சொல்லிவிட வேண்டியதுதான் என்று அச்சுதன் தொண்டையைச் செருமினான்.

"டீச்சர், நீங்க போகணும்னு கட்டாயமா என்ன, நான் என்ன நினைக்கிறேன்னா..."

சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் தலைக்கு மேலே இறங்கியது. விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் யாருடைய பேச்சையும் விமானம் பாதியில் வாங்கிக்கொள்ளும், ஊர்க்காரர்கள் வாயைத் திறந்தபடியே நின்று அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். அச்சுதனுக்கு விட்ட இடத்துக்குத் திரும்பி வரத் தெரியவில்லை.

"என்ன சொன்னீங்க சார்?"

"பம்பு சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குன்னேன்" என்றான்.

டெபோரா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு துணியை உதறி மடித்தாள்.

"கடைசியா ஒரு தடவை போட்டுப் பார்ப்போம் சார். இந்தத் தடவை லெட்டூஸ் வேணாம். முதல்ல நமக்கு முளைக்க வைக்கத் தெரியுதான்னு பார்க்கணும். உங்க அஞ்சறைப் பெட்டில என்ன இருக்கு?"

அவனுடைய சமையலறையிலிருந்து கடுகு, வெந்தயம், பச்சைப்பயறு, தனியா நாலும் வந்தன. தனியாவை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து இரண்டாக உடைத்தாள். பாலக் விதை மட்டும் கடையில் வாங்கியது. எல்லாவற்றையும் ஓர் இரவு ஊற வைத்து வகைக்கு ஒன்றாக ஐந்து கிண்ணங்களில் போட்டாள். அவளுடைய வீடு மேற்குப் பார்த்தது, மத்தியானத்துக்கு மேல் அடுப்பு மாதிரி காயும். அவன் வீடுதான் குளிர்ச்சி என்று சொல்லி, டாக்டர் நோயாளியைத் தொட்டுப் பார்ப்பதுபோல ஒவ்வொரு சுவராகக் கை வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசியில் சாமி அலமாரியின் கடப்பாக் கல் பலகையில் அவள் கை நின்றது.

"இங்கதான் சார் ஜில்லுன்னு இருக்கு. உங்க சாமி ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாரே?"

"அவரு ரொம்ப அட்ஜஸ்ட் பண்ணிப்பாரு" என்றான் அச்சுதன்.

மேலே போட ஈரத்துணி வேண்டும் என்றாள். வீட்டில் தேடியதில் ஏதோ ஒரு கல்யாணத்தில் தேங்காய் போட்டுக் கொடுத்த மஞ்சள் பை கிடைத்தது. அதை வெட்டி விரித்து நனைத்துப் போர்த்தினார்கள்.

அதற்குப் பிறகு அச்சுதன் காலையில் எழுந்ததும் சாமி கும்பிடுவதற்கு முன்னால் துணியைத் தூக்கிப் பார்த்தான். கும்பிட்ட பிறகும் தூக்கிப் பார்த்தான். முதலில் பச்சைப்பயறு தலையை நீட்டியது, பின்னாலேயே கடுகும் வெந்தயமும் கிளம்பின. நாலைந்து நாள் கழித்து அசடு வழிந்தபடி பாலக்கும் வெளியே வந்தது. தனியா மட்டும் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது, அதன்மேல் அவனுக்குத் தனிப் பிரியம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெபோராவைக் கூப்பிட்டுக் காட்டியபோது அவள் குனிந்து, மூச்சுக்கூடப் படாமல், ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"பரவாயில்லையே சார், முளைச்சிருச்சே. இனிமே நான் கூடுவாஞ்சேரி போனாக்கூட நீங்களே பார்த்துப்பீங்க. பைப்பையும் டிரம்மையும் உங்ககிட்டயே விட்டுட்டுப் போறேன்."

அவள் போன பிறகு அச்சுதன் முளைத்த பாவிகளை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றான். வாராத வரத்துக்குத் தவம் கிடந்து வாங்கி, வந்த வரமே வினையாகிவிட்ட கதையாகத் தோன்றியது.

மறுநாள் சனிக்கிழமை. அவனுக்கு வேலை இருந்தது, அவளுக்குக் கோடை விடுமுறை. மதியம் சாப்பிடப் போகிற நேரத்தில் அக்காவிடமிருந்து போன் வந்தது. அவளிடம் அவன் வீட்டுச் சாவி ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை ஊறுகாயோ கருவாடோ கொண்டுவந்து வைத்துவிட்டு, வீட்டைத் திட்டிக்கொண்டே பெருக்கிவிட்டுப் போவாள்.

"இன்னாடா அச்சு, எல்லாத்தையும் கண்டுபுடிச்சிட்டேன். உடனே வூட்டுக்கு வா" என்றாள். அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

அச்சுதன் திறந்த சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தான். ஒளித்து வைக்க அவனிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான், அதையும் மனசுக்குள்தான் வைத்திருந்தான். குரோம்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு அதை அக்கா எப்படிக் கண்டுபிடித்தாள்? எதிர் வீட்டுக்காரியை நினைத்துக்கொண்டு கீரை வளர்க்கிறான் என்று யார் சொல்லியிருப்பார்கள்? அரை நாள் லீவு சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நடுவே புகுந்து பல்லாவரம் வழியாகப் பம்மல் தாண்டி வருவதற்குள், அக்காவுக்குச் சொல்ல மூன்று பதில்களைத் தயார் செய்து மூன்றையும் தள்ளிவிட்டான்.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. வாசலில் அக்காவின் செருப்புக்குப் பக்கத்தில் டெபோராவின் செருப்பும் இருந்தது. அதைப் பார்த்ததும் ஷூவைக் கழற்றக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். சாமி அலமாரிக்கு முன்னால் இரண்டு பேரும் அவனுக்கு முதுகு காட்டி நின்றார்கள். டெபோராவின் கையில் ஒரு டம்ளர் இருந்தது. தனம் பேசிக்கொண்டிருந்தாள்.

"மஞ்சத் துணி போட்டு, சாமிகிட்ட வெச்சு, அஞ்சு பாலிகை. பச்சப்பயிறு, கடுகு எல்லாம் மொளச்சு எவ்ளோ அழகா கீது பாரு டீச்சரம்மா. கிண்ணம் பிளாஸ்டிக்கா இருந்தா இன்னா, இப்ப எல்லாமே பிளாஸ்டிக்தான். பொண்ணு வூட்டுக்காரங்கதான் வந்து போட்டுட்டுப் போயிருக்கணும். இவனுக்கு ஒரு எழவும் தெரியாது. கல்யாணம் வரைக்கும் வந்துட்டான், கூடப்பொறந்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணல பாரு."

அச்சுதனுக்கு அப்போதுதான் விளங்கியது. அவர்கள் வீட்டு வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மண் பாலிகைகளில் தானியங்களை முளைக்கப் போடுவார்கள். சுமங்கலிகள் வந்து அவற்றின் மேல் பாலும் தண்ணீரும் தெளித்து வாழ்த்துவார்கள். முளை நன்றாக வந்தால் குடும்பம் தழைக்கும் என்பார்கள். அக்கா பாலக்கீரையைப் பார்த்துவிட்டுக் கல்யாணம் என்று நினைத்துக்கொண்டாள். சிரிப்பு வந்தது அவனுக்கு. உள்ளே போய் ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம் என்று காலை எடுத்து வைத்தான்.

"காலைலேந்து யாரும் பால் தெளிக்கல போல. துணியெல்லாம் காஞ்சிபோய் கீது" என்றாள் தனம். குரல் தணிந்திருந்தது. "அதான் உன்னைக் கூப்ட்டேன். நீ கொஞ்சம் தெளிச்சு விடும்மா."

"நீங்களே தெளிக்கலாமே அக்கா."

"நான் தெளிக்கக் கூடாதும்மா. அவரு போயி எட்டு வருசமாச்சு."

எடுத்து வைத்த காலை அச்சுதன் பின்னால் இழுத்துக்கொண்டான். மாமா இறந்த பிறகு தனத்தின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. பத்திரிகை கொடுத்தது, பந்திக்கு ஆள் பிடித்தது, நகைக்கு அலைந்தது எல்லாம் அக்காதான். பாலிகை தெளிக்கிற நேரத்தில் மட்டும் அவளைக் காணோம். தேடிப்போனபோது மண்டபத்துச் சமையல் கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அங்கே உரிக்கப் பத்து ஆள் இருந்தார்கள். கண் கலங்கியதற்கு வெங்காயம்தான் காரணம் என்று அன்றைக்கு அவன் நம்பிக்கொண்டான், அப்படி நம்புவது வசதியாக இருந்தது.

டெபோரா டம்ளரை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"எனக்கும் வீட்டுக்காரர் இல்லக்கா. பத்து வருஷம் ஆச்சு."

தனம் திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தாள். நீலப் புடவை, கழுத்தில் மெல்லிய செயின், சிரித்த முகம். இப்படி ஒருத்தி இருக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை போலிருந்தது.

"ஐயையோ, எனக்குத் தெரியாதும்மா. தப்பா நெனச்சுக்காத. உன்னப் போயி இதுக்குக் கூப்ட்டுட்டேனே."

"இதுல தப்பா நினைக்க என்னக்கா இருக்கு? எங்க சர்ச்ல இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. உங்க தம்பி நல்லா இருக்கணும்னு உங்களைவிட யாரு நினைக்கப் போறாங்க? வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்தே தெளிப்போம்."

"நானா?"

"நீங்கதான்."

டெபோரா அக்காவின் கையைப் பிடித்து டம்ளருக்குள் விட்டாள். ஐந்து கிண்ணங்களின் மேலும் சொட்டுச் சொட்டாகப் பால் விழுந்தது. "எங்கம்மா தாயே, என் தம்பி குடும்பம் தழைக்கணும்" என்று முணுமுணுத்தாள். பிறகு டெபோராவும் கை நிறைய அள்ளி நன்றாகவே தெளித்தாள். பச்சைப்பயறின் இலையெல்லாம் வெள்ளையாகிவிட்டது.

அச்சுதனின் முதல் நினைப்பு, போச்சு, எல்லாம் போச்சு என்பதுதான். இந்த வெயிலில் பால் பட்ட நார்த்தூள் ராத்திரிக்குள் புளித்துவிடும், நாளைக்கே பூசணம் பிடித்துவிடும். நிறுத்தச் சொல்ல வாயெடுத்தான். அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எட்டு வருடத்தில் அவளை இப்படிப் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்புக்காக எத்தனை கிண்ணம் அழுகினாலும் அழுகட்டும் என்று இருந்தது அவனுக்கு. அப்போதுதான் இன்னொரு விஷயம் உறைத்தது. அக்காவுக்குத்தான் அது கீரை என்று தெரியாது. டெபோராவுக்குத் தெரியும். அந்த விதைகளை ஊற வைத்தவளே அவள்தான்.

தனம் திரும்பினாள், அவனைப் பார்த்துவிட்டாள்.

"வந்துட்டியா. வாடா மாப்பிள்ள. பொண்ணு யாரு, சொல்லு."

"அக்கா..."

"மூஞ்சியப் பாரு. நான் ஒண்ணும் திட்டலடா. எந்த ஊரு, எந்த சனம், எதுவும் எனக்கு வேணாம். ஒரு பொண்ணு உன்னைக் கட்டிக்க ஒத்துகினாளே, அதுவே போதும். பம்மல் சித்திக்கு மட்டும்தான் போன் பண்ணேன்."

பம்மல் சித்திக்குப் போன் பண்ணினால் செங்கல்பட்டு வரைக்கும் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். உண்மையைச் சொன்னால் அக்காவின் முகம் வாடிப்போகும். சொல்லாவிட்டால் பெண் யார் என்பதற்கு டெபோராவின் முன்னாலேயே ஏதாவது பொய் சொல்ல வேண்டும், நாளைக்கு அவள் அண்ணனிடம் சரி என்று சொல்லிவிடுவாள். எவ்வளவு யோசித்தாலும் மூன்றாவது வழி ஒன்றும் தென்படவில்லை.

"அக்கா, இது பாலிகை இல்ல. கீரை."

"கீரையா?"

"மாடில தண்ணில வளக்குறதுக்கு நானும் டீச்சரும் போட்டோம். இங்க குளுகுளுன்னு இருக்குன்னு சாமிகிட்ட வெச்சோம்."

தனம் கிண்ணங்களைப் பார்த்தாள், மஞ்சள் துணியைப் பார்த்தாள், தன் கையிலிருந்த பால் ஈரத்தைப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கிப்போனதை அச்சுதனால் பார்க்க முடியவில்லை.

"அப்ப நான் கீரைக்கா பால் தெளிச்சேன்?" என்றாள் மெதுவாக. "நல்லா பேஜாராப் போச்சு. பைத்தியக்காரி மாதிரி நின்னுகினு... நீயாவது சொல்லக் கூடாதா டீச்சரம்மா?"

டெபோரா காலி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். வகுப்பில் நாற்பது பிள்ளைகளைப் பார்வையிலேயே அடக்குகிறவள், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர்" என்றான் அச்சுதன். "பால் பட்டா எல்லாம் அழுகிடும்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் தெளிச்சீங்க?"

"அக்கா வந்து, என் தம்பிக்குக் கல்யாணம், பொண்ணு யாருன்னு உனக்குத் தெரியுமான்னு என்னைக் கேட்டாங்க. கல்யாணமும் இல்ல ஒண்ணும் இல்ல, அது பாலக்குன்னு சொல்லத்தான் வந்தேன். சொல்ல மனசு வரல." அவள் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தாலும் உதட்டில் சிரிப்பு இருந்தது. "கீரைக்காகவா சார் நான் இத்தனை நாளும் மாடி ஏறினேன்? கீரை கடையிலயே கிடைக்குது."

அச்சுதனின் தலைக்குள் எதுவுமே ஓடவில்லை. யோசிக்க ஒன்றும் மிச்சமில்லாமல், நெஞ்சு முழுக்கச் சந்தோஷம் மட்டும் இருந்தது.

"கூடுவாஞ்சேரிக்குப் போகாதீங்க டெபோரா" என்றான். டீச்சர் என்ற சொல் இல்லாமல் அவள் பெயரை அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. "என்னைக் கட்டிக்கங்க. எங்க போறதா இருந்தாலும் சேர்ந்து போகலாம்."

"அண்ணாகிட்ட நீங்கதான் பேசணும்."

"பேசறேன்."

"நாளைக்கே."

"நாளைக்கே பேசறேன்."

தனம் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயம் பிடிபட அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிடிபட்டதும் டெபோராவின் இரண்டு கன்னங்களையும் பால் கையோடு வழித்து நெட்டி முறித்தாள். "அடிப்பாவி, பொண்ணு யாருன்னு பொண்ணுகிட்டயேவா கேட்டுகினு இருந்தேன்" என்று சொல்லிச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். அச்சுதனின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பிறகு சட்டென்று நிதானத்துக்கு வந்து, இடுப்பில் தலைப்பைச் செருகிக்கொண்டாள்.

"தோ பாருங்க ரெண்டு பேரும். கல்யாணத்தைச் சர்ச்சுல வெச்சாலும் சரி, கோயில்ல வெச்சாலும் சரி, நான் எதுவும் கேக்க மாட்டேன். ஆனா பாலிகை நிஜமாப் போடணும். மண் பாலிகை, நான் வாங்கியாரேன். அதுக்கு முன்னால நின்னு மொத ஆளா நான்தான் பால் தெளிப்பேன்."

"சித்தி ஏதாவது சொல்லப்போறாங்க அக்கா" என்றான் அச்சுதன்.

"சொல்லட்டும்டா" என்றாள் தனம். "டீச்சரம்மா பேசிப்பாங்க."